அத்தான் விதி

இனிமேல் தனக்கு வேண்டாத எந்தச் செய்தியும் தன் கண்ணில் படக் கூடாது என்று கிடங்குக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார். பெரிய முடிவுகளை அவர் எப்போதும் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பார். அந்த ஒரு வேளையில்தான் வீட்டில் யாரும் அவரிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

கிடங்குக்காரர் என்பது மனைவி வீட்டார் வைத்த பெயர். லிஃப்ட் உதிரி பாகங்கள் வைத்திருக்கும் ஒரு பெரிய கிடங்குக்கு அவர் பொறுப்பாளர். எந்தத் திருகாணி எந்த வரிசையில், எந்தத் தட்டில், எந்த டப்பாவில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டில் தன் மூக்குக்கண்ணாடியை மட்டும் மனைவிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"எங்க இருந்துச்சு?" என்பார்.

"நீங்க வெச்ச இடத்துல" என்பாள்.

இப்படிப்பட்டவருடைய மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் குழு. அதில் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியும், அந்தத் தேதியில் கழுவவில்லை என்ற புகாரும் வரும். காலை நடைக்காரர்களுக்கு ஒரு குழு. கூடப் படித்தவர்களுக்கு ஒரு குழு. அதில் யாருக்கு எந்த மூட்டில் வலி என்ற விவரம் தவறாமல் வரும். இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவதுபோல் மனைவி வீட்டாரின் குழு. அதற்கு 'ஒரே கூரை' என்று பெயர். அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெவ்வேறு கூரைகளுக்குக் கீழே வாழ்ந்தார்கள். அதனால்தான் ஒற்றுமை குலையாமல் இருக்கிறது என்பது கிடங்குக்காரரின் சொந்தக் கருத்து. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குழுவுக்கு அவர் செய்த ஒரே தொண்டு, ஒரு விதி. முன்பொரு தடவை குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள எல்லாரும் நீலச் சட்டை போடலாமா என்று யாரோ கேட்கப்போக, 'சரி' என்று ஒருவர் எழுதினார். 'எனக்கும் சரி' என்றார் இன்னொருவர். 'இப்போதுதான் பார்த்தேன், சரி' என்று ஒருவர். 'நான் அப்போதே சரி என்று நினைத்தேன், எழுத மறந்துவிட்டேன்' என்று ஒருவர். கிடங்கில் சரக்கு இறக்குகிற நேரம். சட்டைப்பையில் கைப்பேசி டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அன்று மாலை பொறுக்க முடியாமல் எழுதினார்: 'சம்மதிப்பவர்கள் பதில் எழுத வேண்டாம். ஆட்சேபம் உள்ளவர்கள் மட்டும் எழுதவும். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிவரை எழுதாதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படுவர்.'

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. 'அத்தான் விதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தன் பெயரால் ஒரு சட்டம் இருப்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

இத்தனை நாள் பொறுத்தவர் இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் பொங்கினார் என்றால், அதற்குக் காரணம் மீன்.

மனைவியின் தம்பிக்குக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதே வாழ்க்கை. வருமானத்துக்காக ஏதோ ஓர் அலுவலகத்துக்கும் போய்வந்தான். குடும்பத்தில் அவனை மீன் மச்சினன் என்றே சொல்வார்கள். அவன் குடியிருக்கும் வீட்டைத் தரை முதல் இடித்துப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றும், அவனுக்குத் தங்க நண்பன் வீடு இருக்கிறது, மீன்களுக்குத்தான் இடமில்லை என்றும் முந்தின நாள் இரவு சாப்பிடும்போது மனைவி சொன்னாள். சொல்லிவிட்டுக் கூடத்தைத் தாண்டி எங்கோ பார்த்தாள். அந்தத் திசையில்தான் பின்னறை இருந்தது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல். வேறொன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார். என்ன செய்கிறார் என்று கேட்டால், ஒன்றும் செய்வதில்லை. வாரம் முழுக்க எது எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, எதுவும் எங்கேயும் இருக்கவேண்டிய அவசியமில்லாத ஓர் இடம் மனிதனுக்கு வேண்டாமா? ஐம்பது வயதுக்கு மேல் ஓர் ஆண்பிள்ளை இந்த உலகத்தில் கேட்பது அதிகமில்லை. ஒரு நாற்காலி. அதற்கு நான்கு சுவர்.

மீன் விஷயம் 'ஒரே கூரை'க்கு வரும். 'யார் வீட்டில் இடம் இருக்கிறது?' என்று கேட்பார்கள். மேல்மாடி முழுக்கக் காலியாக வைத்திருக்கிற சகலை வாயைத் திறக்க மாட்டார். அப்புறம் எல்லாரும் இவரைப் பார்ப்பார்கள். ஆனால் கேள்வியையே பார்க்காதவரை யார் என்ன கேட்க முடியும்? 'ஐயோ, எனக்கு வரவே இல்லையே' என்று சொன்னால் பொய். பொய் சொல்ல அவருக்கு வராது, காது சிவந்துவிடும். வந்ததை இயந்திரம் தானாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டது என்றால் அது பொய்யில்லை. பொய் சொல்வது வேறு, உண்மை தன்னிடம் வந்து சேராமல் பார்த்துக்கொள்வது வேறு. இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் மனது கேட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மின்னஞ்சல் பெட்டியிலேயே அதற்கு வழி இருந்தது. எந்தக் குழுவிலிருந்து வருகிறது என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதும், கடிதம் வந்த மாத்திரத்தில் அதற்குரிய ஃபோல்டரில் போய் விழும். கிடங்கில் டப்பாவுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதுபோல, சங்கத்துக்கு ஒன்று, நடைக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று. கடைசியாக 'ஒரே கூரை'க்கு ஒன்று. அதற்கு மட்டும் மூன்று கட்டளை: கண்ணில் காட்டாதே, சத்தம் போடாதே, வந்தவுடன் படித்ததாகக் குறித்துவிடு. பெயர் வைப்பதில்தான் தன் புத்தியெல்லாம் காட்டினார். நாளைக்கு மனைவி எட்டிப்பார்த்தாலும் ஒரு சொல் சொல்ல முடியாத பெயர்.

"ஏம்மா, இங்க வா. ஒண்ணு காட்டறேன்."

"கை ஈரம். அங்கிருந்தே சொல்லுங்க."

"இது சொல்ற விஷயமில்ல. பார்க்கற விஷயம்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு மேற்பார்வையாளர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்பவர்களையும், அனுப்பிவிட்டோம் என்று சொல்கிற பொறியாளர்களையும் நாள் முழுக்க மாற்றி மாற்றிக் கேட்பவள். தண்ணீர் எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்பதைப் பேசுகிறவர் குரலை வைத்தே அவள் கண்டுபிடிப்பாள் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

"இனிமே மெயில் எல்லாம் தானாப் பிரிஞ்சு அதது இடத்துக்குப் போயிடும். நடைக்குழு மெயில் நடைக்கு."

"நீங்கதான் நடக்கவே போறதில்லையே."

"மெயில் வருதில்ல?"

"எங்க வீட்டு மெயிலு?"

கிடங்குக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க வீட்டு மெயிலைக் கண்டதோட கலந்து வைக்க எனக்கு மனசு வரலை. அதுக்குன்னு தனி அறையே ஒதுக்கியிருக்கேன். பேரைப் பாரு."

பார்த்தாள். 'மிக முக்கியம்' என்றிருந்தது.

"தனி அறையா?"

"தனி அறை."

"எங்க வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"நீங்களா?"

"நானேதான்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

"மெயில் வந்தா டிங்னு ஒரு சத்தம் வருமே?"

"வராது. படிச்சதாவே குறிச்சிடும்."

"படிக்காமலேயா?"

"அது… படிக்கறதுக்கு வசதியா."

"அப்போ எப்பப் படிப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை. நிதானமா."

"காலையிலயா?"

"சாயங்காலம்."

"பன்னெண்டு மணி தாண்டி."

"தாண்டித்தான். அவசரமில்லாம ஒவ்வொண்ணா ரசிச்சுப் படிக்கணும் பாரு."

"நல்ல யோசனைங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. காது சிவந்தது. "எனக்கும் இதை எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக் குடுங்களேன்."

சொல்லிக் கொடுத்தார். மெதுவாக, இரண்டு தடவை.

"குழு பேருதான் போடணுமா? ஒரு ஆளோட பேரைப் போட்டாலும் கேக்குமா?"

"எதைப் போட்டாலும் கேக்கும். வாயில்லாப் பூச்சி அது."

"ம்" என்று எழுந்து போனாள். அவள் அலுவலகத்தில் எந்தப் பொறியாளர் நாளை மாட்டிக்கொள்ளப் போகிறாரோ என்று கிடங்குக்காரர் பரிதாபப்பட்டார்.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. கைப்பேசி குழந்தைபோல் தூங்கியது. 'ஒரே கூரை' என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. மீனைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி பன்னிரண்டு அடிக்கும்போது அவர் பின்னறையில், சாய்வு நாற்காலியில், வயிற்றின்மேல் கை கோத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அந்த ஃபோல்டரை ரசித்துப் படிப்பதாகச் சொன்னாரே, படித்தாரா என்றால், இல்லை. கண்ணயர்ந்துவிட்டார்.

எழுப்பியது சகலையின் தொலைபேசி அழைப்பு. மனைவியின் அக்காவைக் கட்டியவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"என்ன சகலை, உங்க மனசு யாருக்கு வரும்!"

"ஏன், என்ன?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேளுங்க. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான். நான்கூட உங்களை வேற மாதிரி நினைச்சிட்டேன்."

எதற்காக என்று தெரியாவிட்டாலும் புகழ்ச்சியை மறுப்பது மரியாதையில்லை. "அதெல்லாம் பெரிசா ஒண்ணுமில்ல சகலை" என்று சொல்லி வைத்தார்.

புதன்கிழமை மனைவி பின்னறையின் வாசலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா அளக்கற?"

"திரை போடலாம்னு."

தன் அறைக்குத் திரை வரப்போகிறது என்ற நினைப்பில் அவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மீன் மச்சினன் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு படியேறினான்.

"அத்தான்! உங்களை மாதிரி ஒருத்தர் கிடையாது அத்தான்!"

"இது என்னடா?"

"இது சின்னது. பெரிசெல்லாம் கீழ இறக்கறாங்க."

கிடங்குக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பின்னறைக் கதவை அகலத் திறந்து, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலி சாய்வு நாற்காலியாக இருந்தது.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"எல்லாரையும் கேட்டுத்தான். 'ஒரே கூரை'ல எழுதினேனே. தம்பியோட தொட்டியெல்லாம் எங்க வீட்டுப் பின்னறையில வெச்சுக்கறோம், ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுங்கன்னு. ஒருத்தரும் சொல்லலை."

அவருக்குச் சுருக்கென்றது. இடம் இருக்கிறதா என்று மற்றவர்கள் கேட்பதைத்தான் அவர் யோசித்திருந்தார். இடம் இருக்கிறது என்று சொல்லக்கூடிய இன்னொரு ஆளும் தன் வீட்டிலிருந்தே அந்தக் குழுவில் இருப்பதை யோசிக்கவில்லை. ஆனாலும் கலங்கவில்லை. இதற்காகத்தானே இரண்டு வாரமாக ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்! "அது வந்து, இந்தத் தானாப் பிரிக்கற ஏற்பாட்டுல பாரு, சில சமயம்…" என்று ஆரம்பித்தார்.

"தம்பி, உனக்குத் தெரியுமாடா?" என்றாள் மனைவி, அவர் வாக்கியம் முடியும்வரை காத்திருக்காமல். "நம்ம வீட்டு மெயிலுக்குன்னு அத்தான் தனியா ஒரு இடமே வெச்சிருக்கார். மத்ததோட கலக்கவே மாட்டார். அதுக்கு என்ன பேரு தெரியுமா? மிக முக்கியம்."

மச்சினன் தொட்டியைக் கீழே வைத்துவிட்டான். கண் கலங்கிவிட்டது. "நிஜமாவா அத்தான்? எங்க வீட்லயே என் மெயிலை யாரும் திறக்கறதில்ல."

"எங்க வீட்டு மனுஷங்க மேல அவருக்கு அவ்வளவு இது" என்றாள் மனைவி. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"அப்போ நான் மீனைப் பத்தி எழுதினது எல்லாம் படிச்சீங்களா அத்தான்?"

கிடங்குக்காரர் முன்னால் இரண்டு வழிதான் இருந்தன. படிக்கவில்லை என்றால், 'மிக முக்கியம்' என்பது என்ன இடம் என்று விளக்க வேண்டும். அதை மனைவி எதிரில், அவள் தம்பி எதிரில், வேன்காரர் எதிரில் விளக்க வேண்டும்.

"படிச்சேன்" என்றார்.

"ஒண்ணு விடாம?"

"விடாம."

"அப்பாடா! எந்த மீனுக்கு எப்பத் தீனி, எதுக்கு எவ்வளவு, எந்தத் தொட்டியில வாரம் ஒரு தடவை தண்ணி மாத்தணும், எதுல ரெண்டு தடவைன்னு மறுபடியும் சொல்லணுமேன்னு பார்த்தேன். உங்களுக்கு அத்துபடியா இருக்கும்."

"ரசிச்சுப் படிப்பார்" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் பின்னறை முழுக்கக் கண்ணாடியும் தண்ணீரும் குழாயும். குளுகுளுவென்று குமிழ் விடும் சத்தம். சாய்வு நாற்காலி செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தது. கிடங்குக்காரர் தீனி டப்பாவோடு ஒரு பெரிய தொட்டியின் முன்னால் நின்றார். தட்டையான, கனத்த கீழுதடு கொண்ட ஒரு மீன் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஏதோ ஆட்சேபம் சொல்ல வருவதுபோல் இருந்தது. சத்தம் வரவில்லை. அவருக்கு அந்த மீனைப் பிடித்திருந்தது.

தன் விதியே தன்னை இப்படிப் படுத்துகிறதே என்று இரண்டு நாள் குமைந்தார். மூன்றாம் நாள் காலை, பல் தேய்க்கும்போது, விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே என்று பொறி தட்டியது. அன்றே 'ஒரே கூரை'க்கு எழுதினார். மீன்களுக்கு வெளிச்சமும் காற்றும் தேவைப்படுவதாலும், அவை இரண்டும் சகலை வீட்டு மேல்மாடியில் ஏராளமாக இருப்பதாலும், தொட்டிகளை அங்கே மாற்ற உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குள் எழுதவும். கீழே, கொட்டை எழுத்தில்: வழக்கமான விதி பொருந்தும்.

கைப்பேசியைச் சட்டைப்பையில், நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்திருந்தார். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. ஒரு டிங் இல்லை. சனிக்கிழமை வேன்காரரைக் கூப்பிட்டு, நாளை மாலை வர முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாய்வு நாற்காலியில், செருப்புகளுக்கு நடுவில், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. கைப்பேசி ஊமையாகவே இருந்தது. எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். சகலையைக் கூப்பிட்டார்.

"என்ன சகலை, எப்ப அனுப்பட்டும்?"

"எதை?"

"தொட்டியை. ஒரு ஆட்சேபமும் வரலையே. விதி விதிதானே?"

"எந்தத் தொட்டி? ஆட்சேபம் வந்துச்சே. மச்சினி, அதான் உங்க வீட்டம்மா, புதன்கிழமையே எழுதிட்டாளே. ஒரே வார்த்தை. 'ஆட்சேபம்'னு. நீங்க பார்க்கலையா?"

கிடங்குக்காரர் பார்க்கவில்லை. 'ஒரே கூரை'யிலிருந்து வருவது எதுவும் கண்ணில் படாமல், சத்தம் போடாமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு எங்கே போய் விழும் என்பது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எதுக்கு ஆட்சேபம்னுதான் எனக்குப் புரியலை" என்றார் சகலை. "சரி, புரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"என் மெயிலைப் படிச்சிருந்தா புரிஞ்சிருக்குமே."

"எந்த மெயிலு?"

"நான் அனுப்பினது! உங்களுக்கு வரலையா?"

"வந்திருக்கும், வந்திருக்கும். பத்திரமா இருக்கும், கவலைப்படாதீங்க." சகலையின் குரலில் உண்மையான ஆறுதல் இருந்தது. "உங்ககிட்ட இருந்து வர்றது எங்க எல்லார்கிட்டயும் தானாப் பிரிஞ்சு ஒரு தனி அறைக்குப் போயிடுது சகலை. மச்சினிதான் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, பொறுமையா, ரெண்டு தடவை சொல்லிக் குடுத்தா. ரொம்ப நிம்மதியா இருக்கு."

பின்னறையில் தொட்டிகள் குமிழ் விட்டுக்கொண்டிருந்தன.

"அந்த இடத்துக்குப் பேருகூட அவதான் வெச்சா" என்றார் சகலை. "மிக முக்கியம்."